வழுக்கும் விடுமுறை

மணாலிக்கு மேலே பாதை எளிதாகிவிட்டது. ஆனால் பனிக்கட்டியின் குணம் மாறவில்லை.

2024 டிசம்பர் கடைசி வாரம். விடுமுறையைப் பனியில் கழிக்கக் கிளம்பியவர்களின் வாகனங்கள் மணாலிக்கு மேலே சோலங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் இடையே சிக்கி நின்றன. ஏறக்குறைய ஆயிரம் வாகனங்கள். போலீசார் இரவில் பயணிகளை மீட்க வேண்டியதாயிற்று.

ரோதாங் கணவாய்க்கு அடியில் 9 கி.மீ. நீளமுள்ள இந்தச் சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த லாஹௌல் மக்களுக்கு அது வரம். அதே சமயம், தில்லியின் மேம்பாலங்களில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களையும் 3,000 மீட்டர் உயரத்துக்கு அது கொண்டு சேர்த்தது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவர்களுக்குப் பாதிப் பாடம் தெரியும்: ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும், ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். மீதிப் பாடம் பனிக்கட்டி.

ஆபத்து வெள்ளையாகக் குவிந்திருக்கும் பனியில் மட்டுமல்ல. பகல் வெயிலில் உருகிச் சாலையின் குறுக்கே வழியும் நீர், மாலையில் கண்ணாடித் தகடுபோல் உறைகிறது. அடியில் இருக்கும் தார் அப்படியே தெரிவதால், பார்வைக்கு அது வெறும் ஈரம். வெயில் படாத வளைவுகளிலும், கீழிருந்தும் குளிர்காற்று தாக்கும் பாலங்களிலும் முதலில் உறையும். எனவே வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுவது நல்லது.

அங்கே திடீர் பிரேக், திடீர் ஆக்சிலேட்டர், திடீர் திருப்பம் மூன்றும் எதிரிகள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னால் செல்லும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு தள்ளி வர வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அசட்டுத் துணிச்சல் அதிகம். அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும்; நிறுத்த உதவாது. டயர் சங்கிலி உதவும். ஆனால் அதை எஞ்சின் இழுக்கும் சக்கரங்களில் மாட்ட வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் அவை முன்சக்கரங்கள்.

சிக்கிக்கொண்டால் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரியில் பனிப்புயலில் அகப்பட்ட வாகனங்களில் 20 பேருக்கு மேல் இறந்தனர். பனி புகைக்குழாயை அடைத்துவிட்டால், ஹீட்டருக்காக ஓடும் எஞ்சினின் கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். புகைக்குழாயைச் சுற்றிலும் பனியை அடிக்கடி அகற்றுவது, எஞ்சினை விட்டுவிட்டு ஓட்டுவது, ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பது ஆகியவை உயிர் காக்கும். கம்பளிகளும் குடிநீரும் டிக்கியில் இல்லாமல் புறப்படக் கூடாது.

பனி கொட்டும் நாட்களில் போலீசார் வண்டிகளை வழியிலேயே திருப்பி அனுப்புவதுண்டு. தில்லியிலிருந்து 500 கி.மீ.க்கு மேல் ஓட்டி வந்தவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் வாக்குவாதத்தில் ஜெயித்து மேலே போனவரைப் பனிக்கட்டி அடையாளம் கண்டு ஒதுங்கப் போவதில்லை.