முதலாளிக்கும் ஒரு முக்காலி

தீபாவளிச் சரக்கு இறங்கத் தொடங்கிவிட்டால் நமக்கு நாள் கிழமை தெரியாது. கடலை மாவு, மைதா, எண்ணெய் டின் என்று ஒரு மாதம் ஓடும். அது ஓய்வதற்குள் பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் வந்து நிற்கும். மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கோ டிசம்பர் கடைசியில் நாட்டிய விழா தொடங்கியதுமே கூட்டம்தான். காலை ஐந்தரைக்குத் திறந்த கடையை இரவு பத்தரைக்குச் சாத்துகிறோம். மதியம் சாப்பிட்டீர்களா என்று வீட்டில் கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, கடை ஊழியர்களுக்கு இருக்கை போட்டுத் தர வேண்டும் என்பது அது. கேரளத்தில் இதை 2018-லேயே செய்துவிட்டார்கள். நம்மில் சிலர் அப்போது முணுமுணுத்தோம், மறைப்பானேன்? பிறகு முக்காலி வாங்கிப் போட்டோம். அதே சட்டம், ஊழியரிடம் நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் ஒரு மணி நேரமாவது இடைவேளை தர வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாளி தனக்கு எவ்வளவு இடைவேளை தரவேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிட்டது. நாமோ, கடைப்பையனுக்குக் காய்ச்சல் என்றால் "போய்ப் படுத்துக்கொள்ளப்பா" என்கிறோம். நமக்கு வந்தால் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு ஷட்டரைத் தூக்குகிறோம்.

நிற்பதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் சுலபமாக மேலேறும். ஒரே இடத்தில் நின்றால் அது காலிலேயே தேங்கும். நாளடைவில் நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரவில் கால் வீங்கிச் செருப்பு இறுகுகிறதல்லவா, அதுதான் முதல் அறிவிப்பு. அடுத்தது தண்ணீர். கடையை விட்டு நகர முடியாதே என்று குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் நம்மில் அநேகம். கடை நடத்தும் பெண்களின் பாடு இன்னும் மோசம். சிறுநீர்க் கல்லும் கிருமித் தொற்றும் இந்தப் பழக்கத்தில் எளிதாக வந்து சேரும்.

சர்க்கரைக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஊசியோ சிலவகை மாத்திரையோ போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை அளவு சடாரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், மிச்சக் காசு எண்ணும்போது கணக்குத் தவறும், காரணமில்லாமல் கோபம் வரும். மூன்று மணிக்கு வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தோமே, அது குணம்தானா, பசியா என்று நாமே பார்த்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பிறகு சாப்பிட வேண்டும். மூட்டை மூட்டையாகச் சர்க்கரை அடுக்கி வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே மயங்கி விழுவானேன்!

உடம்பைவிட நாம் அதிகம் வருத்துவது மனதைத்தான். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அந்த மழைக்காற்றில் நம் சரக்கிலும் கொஞ்சம் நனைந்தது. மூட்டைகளை முதல் நாளே பலகைமேல் ஏற்றியிருக்கலாமே என்று நம்மை நாமே எத்தனை நாள் திட்டிக்கொண்டோம்! பக்கத்துக் கடைக்காரருக்கும் அதே நஷ்டம்தான். அவரிடம், "விடுங்கண்ணே, யாருக்குத் தெரியும் இப்படி அடிக்கும்னு" என்றோம். அதே வார்த்தையை நமக்குச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003 முதல் இதைப் பற்றியே எழுதி வருகிறார். நண்பனிடம் பேசுகிற தொனியில் நம்மிடமும் பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. தவறை மறைப்பது வேறு, இது வேறு. வாராக் கடனைப் பேரேட்டில் தள்ளி எழுதுகிறோம். கடன் கொடுத்ததே இல்லை என்றா எழுதுகிறோம்?

இனி நேரத்துக்கு வருவோம். ஒரு வாரம், மணிவாரியாகக் கல்லாவில் விழுந்ததைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பாருங்கள். மந்தமான நேரம் எது என்று அதிலேயே தெரிந்துவிடும். கடற்கரைச் சாலைக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை சரிப்படாது. கூட்டம் குறைந்த வேறு நாள் இருக்கும். மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைக்கிறோம், உண்மைதான். ஆனால் அன்றைக்கும் விடியற்காலையில் வேன் ஏறி மாநாட்டுக்கல்லவா போகிறோம்!

நம் கடையில் மந்தமான நேரம் இரண்டு முதல் மூன்றரை வரை என்று தெரிந்தது. இப்போது அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டு, கொஞ்சம் காலை நீட்டுகிறோம். முதல் வாரத்தில் பழைய வாடிக்கைக்காரர் இருவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒருவர் நாலு மணிக்கு வந்துவிட்டார். இன்னொருவர் எதிர்க் கடைக்குப் போனவர்தான், இன்னும் வரவில்லை.