பலகையைக் காலில் கட்டலாமா?
ஆடியில் போடிமெட்டின் ஏலத்தோட்டங்களை உலுக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றில்தான் இலங்கையின் கற்பிட்டியில், பட்டம் இழுக்கப் பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் கைட் சர்ஃபிங் களைகட்டுகிறது. விழுந்தால் பலகை நழுவிப்போகும். காலோடு கட்டிவைத்தால் என்ன?

வம்பே பட்டத்தால்தான். விழுந்தவரை அது இழுத்துக்கொண்டே போகும். பலகையோ தண்ணீரில் குத்தி நின்றுவிடும். நடுவிலுள்ள ரப்பர் கயிறு நீண்டு, கவண் மாதிரி பலகையைப் பின்மண்டைக்கு வீசும். தலைக்கவசம் ஓரளவுதான் காக்கும். பட்டமில்லாத அலைச்சறுக்கில் கயிறு நல்லது. அங்கே பலகையே மிதவை.

கயிறில்லாவிட்டால்? பலகை காற்று வரும் பக்கமே தங்கும். பட்டத்தைத் தாழப் பிடித்து, ஒரு கையை நீருக்குள் நீட்டினால், உடல் காற்றுக்குச் சாய்வாக எதிரேறும். இடமும் வலமும் மாறிமாறிப் போய்ப் பலகையை எட்டிவிடலாம். முதலில் பழக வேண்டியது இதைத்தான். கரையை விட்டு வெகுதூரம் போகிறவர் பலகையைத் தொலைத்தால் பாடு அதிகம் என்பது உண்மை. ஆனாலும் என் ஓட்டு கயிற்றுக்கு இல்லை.