சீகையை வெட்டுவதா, விடுவதா?

நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்கு நீர்போகம் என்றால் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தை, மாசியில் கிழங்கை ஊன்றி, மழையை எதிர்பாராமல் ஓடைத் தண்ணீரை நம்பி எடுக்கிற போகம் அது. கேத்திப் பக்கம் ஒரு விவசாயி என்னை அழைத்துப்போய்த் தம் நிலத்துக்கு மேலே உள்ள ஊற்றைக் காட்டினார். "எங்கள் அப்பா காலத்தில் சித்திரையிலும் ஓடுமுங்க ஐயா. இப்போது மாசி பிறந்தாலே சொட்டுகிறது" என்றார்.

ஊற்றின் இரு கரையிலும் கற்பூர மரம். அதற்கு மேலே மேடு முழுவதும் சீகை. "இவற்றை வெட்டிவிடலாமா?" என்று கேட்டவர், சற்றுப் பொறுத்து, "வெட்டினால் விறகுக்கு எங்கே போவது? மண் சரிந்துவிட்டால்?" என்றும் கேட்டார். இந்த மூன்று கேள்விகளும் நியாயமானவையே.

வாட்டில் எனப்படும் சீகையும், யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் இம்மலைக்கு வந்தவை. அதற்கு முன் மலையின் மேற்பரப்பில் பெரும்பகுதி புல்வெளி. மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் சோலைக்காடு. ஊர் பெருகப் பெருக விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. அந்த விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கத்தான் வேகமாக வளரும் இம்மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஆகவே எஞ்சிய சோலைகள் பிழைத்ததில் இவற்றுக்கும் பங்குண்டு. பிற்பாடு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழும் தேவைப்பட்டபோது, புல்வெளிகளில் ஏராளமாக நடப்பட்டன. அந்த ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வெட்டுவாரில்லை; சீகையோ பரவிக்கொண்டே இருக்கிறது.

வெளிநாட்டு மரம் என்பதற்காகவே ஒன்றை வெறுக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் நம் உருளைக்கிழங்கும், காரட்டும், தேயிலையும் வெளியிலிருந்து வந்தவைதான். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலிய மரமே. அது பெரும்பாலும் நட்ட வரிசையில் நிற்கிறது. நட்ட இடத்தோடு நிற்கிறதா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். சீகை முதலாவதில் தவறுகிறது. கற்பூர மரம் இரண்டாவதில் தவறுகிறது.

தண்ணீர்க் கணக்கு

உதகையில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றொன்றில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் 1972-இல் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் வெளிவரும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் 10 ஆண்டுச் சுற்றில், மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டித் தழையவிட்ட இரண்டாம் சுற்றில் இக்குறைவு சுமார் 25 சதவீதமாயிற்று. அடிக்கட்டையில் ஏற்கெனவே ஆழமான வேர் இருப்பதால் தழைவு முதல் நாளிலிருந்தே குடிக்கத் தொடங்கிவிடுகிறது. புல்லின் வேர் மேல்மண்ணோடு நிற்பது. பனிக்காலத்தில் புல் காய்ந்து ஓய்ந்தும்விடும். கற்பூர மரத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. நமக்குத் தண்ணீர் வேண்டிய மாதங்களில்தான் அதற்கும் வேண்டும்.

சீகையின் பலம் விதையில் இருக்கிறது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, தீயின் சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும். சீகையை மொட்டையடித்துத் தீ வைத்த நிலம் அடுத்த மழையில் நாற்றங்கால் போல முளைத்திருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அடர்ந்த சீகைக்கடியில் புல் நிற்காது. தோடர்களின் எருமைகள் மேய்ச்சல் இழந்தது இப்படித்தான்.

எங்கே வெட்டுவது?

எல்லாச் சீகையையும் வெட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோப்புக்குள் நுழைந்து பாருங்கள். அந்த நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக வந்திருக்கும். ஒரேயடியாக வெட்டினால் வெயில் அவற்றை வாட்டும். சீகை விதையோ முளைக்கும். அங்கே சிறிது சிறிதாகக் கலைப்பதே நல்லது.

முதலில் கைவைக்க வேண்டியது ஊற்றையும் ஓடையையும் சுற்றியுள்ள கற்பூர மரங்களில். வெட்டியதோடு வேலை முடியாது. அடிக்கட்டையில் வரும் தழைவை வரவர ஒடித்தெறிய வேண்டும். இல்லாவிட்டால் வெட்டாமல் இருந்ததைவிடக் கேடு. சீகைக் கன்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கையில் வேரோடு கையால் பிடுங்குங்கள், ஒவ்வோர் ஆண்டும். தீ வைப்பது கூடவே கூடாது. செங்குத்துச் சரிவில் ஒரேயடியாக வெட்டாமல் பட்டை பட்டையாக எடுத்து, புல் மூடிய பிறகு அடுத்த பட்டைக்குப் போகவும். கட்டையைத் தோண்ட வேண்டாம். மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர். காலியான மேட்டில் உடனே வேறு மரம் நடவேண்டும் என்ற அவசரமும் தேவையில்லை. புல்லாக இருந்த இடம் புல்லாகட்டும். ஊற்றின் அருகில் மட்டும் மலை நாவல், செண்பகம் போன்ற சோலை மரங்களை வைக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பட்டா நிலமே ஆனாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வெட்டுமுன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறுங்கள். காடுகளில் அந்நிய மரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது. ஆனால் நம் வேலியோரச் சீகை விதை உதிர்த்துக்கொண்டிருந்தால் பக்கத்துக் காட்டில் செய்த வேலை வீண்.

கேத்தி விவசாயிக்கு விறகுக் கவலை தீரவில்லை. ஆகவே ஊற்றிலிருந்து தள்ளி, பாதையோரம் நிற்கும் கற்பூர மரங்களை அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன். விறகுக்கும் ஆயிற்று, தைலம் காய்ச்சுவோருக்குத் தழைக்கும் ஆயிற்று. ஊற்றோர மரங்களுக்கு அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். ஊற்று எந்தத் தேதிவரை ஓடுகிறது என்று இனி ஆண்டுதோறும் நாட்காட்டியில் குறித்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.