துளி மூழ்கினால் ரத்தம் கொடுக்கலாம்

திருச்செங்கோட்டில் ரத்ததான முகாம் நடந்தால், ஆசையோடு வருகிறவர்களில் சிலர் கொடுக்காமலே திரும்புவார்கள். பல இடங்களில் முதல் தடை ஒரு நீலக் கரைசல். மயில்துத்தம் கரைத்த நீர், ஒப்படர்த்தி 1.053. விரலில் குத்தி எடுத்த துளியை அதில் விடுவார்கள். ஹீமோகுளோபின் கூடக்கூட ரத்தத்தின் அடர்த்தியும் கூடும். 100 மில்லிக்கு 12.5 கிராமாவது இருந்தால் துளி 15 நொடிக்குள் மூழ்கிவிடும். மிதந்தால் கொடுக்க முடியாது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 350 மில்லி கொடுத்தால் சுமார் 160 மில்லிகிராம் இரும்புச்சத்தும் கூடவே போகிறது; அதை ஈடுகட்டத்தான் ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி. மாதவிடாயிலும் இரும்பை இழக்கும் பெண்களுக்கு 120 நாள்.

இந்த ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. போர்வெல் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் இங்கே ஏராளம். அங்கே மலேரியா வந்திருந்தால், முழுதாகக் குணமான பிறகும் 3 மாதம் பொறுக்க வேண்டும். அந்த ஒட்டுண்ணி குடியிருப்பதே சிவப்பணுவுக்குள். ரத்த வங்கியின் 2 முதல் 6 டிகிரி குளிரிலும் அது பல நாள் சாகாது. வைவாக்ஸ் வகையோ கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். 3 மாதம் அதிகம் என்று முணுமுணுக்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

பச்சை குத்தியவர்களுக்கு 12 மாதம். ஊசி வழியாக வரும் மஞ்சள் காமாலைக் கிருமி, புகுந்த தொடக்க வாரங்களில் பரிசோதனைக்குச் சிக்காமல் போகலாம்.