முதல் வகுப்பு வாத்தியாருக்கு என்ன வேலை?

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் நடந்த பேச்சு இது. "ஒண்ணாம் கிளாஸ் டீச்சருக்கு என்ன சார் பெரிய வேலை? நாலு பாட்டு, நாலு எழுத்து, நாலு மணிக்கு வீடு" என்றார் நண்பர் ஒருவர். பாயசம் வந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 39 வருடம் இருந்து 2020இல் ஓய்வு பெற்றவன். படிப்பைத் தொடங்கியது சித்திரபுரத்தில். மூணாறுக்குக் கீழே, பள்ளிவாசல் நீர்மின் நிலையத்துக்கு அருகில் உள்ள ஊர். 1940இல் தொடங்கிய அந்த நிலையம்தான் கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், லயங்களில் நம் ஜனங்கள். (மூணாறில் ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் போயிற்று. அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.)

1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் கேரள அரசு தமிழ்வழிப் பாடநூல்களை அச்சிடுகிறது. புத்தகம் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பிரித்து நடத்த ஆள் வேண்டும் அல்லவா?

சட்டம் அந்த ஆளிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 24ஆம் பிரிவு ஆசிரியர் கடமைகளைச் சொல்கிறது. நேரம் தவறாமல் வர வேண்டும். பாடத்திட்டத்தைக் காலத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, பின்தங்கியவருக்குக் கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, முன்னேற்றம் பற்றித் தெரிவிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். அதாவது நாளுக்கு 4 மணி. ஆனால் ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்கிறது அதே சட்டம். நம் நண்பர் பார்ப்பது அந்த 4 மணியை மட்டும்தான். பாடக்குறிப்பு எழுதுவது, நோட்டு திருத்துவது, வருகைப் பதிவேடு, மதிய உணவு நேரத்து மேற்பார்வை எல்லாம் மீதிக் கணக்கில் வருகின்றன.

ரயில்வேயில் கீமேன் என்றொருவர் உண்டு. தினமும் தன் எல்லை முழுவதும் நடந்து ஒவ்வொரு கீயையும் போல்ட்டையும் பார்ப்பார். "பொதுவாக லைன் நன்றாக இருக்கிறது" என்று அவர் எழுத முடியாது. எந்தக் கட்டையில் எந்தக் கீ தளர்ந்தது என்று சொல்ல வேண்டும். "ஒவ்வொரு பிள்ளையின்" என்று சட்டம் சொல்வதும் இதைத்தான். இது எவ்வளவு கடினம் என்பதை என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

1968இல் நான் மூன்றாம் வகுப்பு. தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போய்ப் பல மாதம் ஆள் வரவில்லை. மலையாள வாத்தியார் ஒருவர் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்தார். "இருபத்திநாலினெ ஆறுகொண்டு ஹரிக்குக" என்பார். ஹரி என்றால் எனக்குப் பெருமாள்தான் தெரியும். நாம் 'வகு' என்பதை மலையாளத்தில் 'ஹரிக்குக' என்பார்கள், 'பெருக்கு' என்பதை 'குணிக்குக' என்பார்கள். எனக்கு யார் சொன்னார்கள்? அடி வாங்கினேன். கணக்கில் முட்டை. அடுத்த வருடம் இந்தப் பையனை அதே வகுப்பில் நிறுத்திவிடலாம் என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு ஆள் வேலையை ஒருவர் செய்தார்.

பிறகு தமிழ் டீச்சர் ஒருவர் வந்தார். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "24 மிட்டாய், 6 பேருக்குப் பங்கு போடு" என்றார். "நாலு" என்றேன். மேலும் ஐந்தாறு கணக்கு கேட்டார். பிறகு வேறொன்றும் பேசாமல் கரும்பலகையில் தமிழ்ச் சொல்லையும் மலையாளச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மாலையில் கொழுந்து எடை போடும் இடத்துக்கே போய், கூடையோடு வரிசையில் நின்ற என் அம்மாவிடம், "உங்க பையனுக்குக் கணக்கு வரும்மா, பாஷைதான் வரலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா பள்ளிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெற்றோரைச் சந்திக்கும் கடமை சட்டத்தில் ஏறுவதற்கு நாற்பது வருடம் முன்பு நடந்தது இது.

இன்று பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது. ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வெளிவேலைக்கு அவரை அனுப்பக் கூடாது.

நம் பங்கும் ஒன்று உண்டு. கேரளத்தில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் ஆசிரியர் பணியிடங்களை முடிவு செய்கிறார்கள். ஊருக்குப் போன குடும்பம் ஒரு வாரம் தாமதித்து வந்தால் அந்தப் பிள்ளை அன்றைய கணக்கில் வராது. தமிழ்ப் பிரிவில் ஏற்கெனவே பிள்ளைகள் குறைவு என்றால் டீச்சர் பணியிடமே போய்விடலாம். கேரளத்தில் இருக்கும் நம் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குத் திரும்பி வர டிக்கெட் எடுக்கும்போது இதை ஞாபகத்தில் வைக்கவும்.

மற்ற மாநிலங்களில் இருப்போர், பிள்ளை கணக்கில் குறைந்த மார்க் வாங்கி வந்தால் டியூஷனுக்கு ஓடுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: "இவனுக்குக் கணக்கு வரவில்லையா, கேள்வி புரியவில்லையா?" நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அன்று மாலையே அந்தக் கணக்கை வீட்டில் தமிழில் கேட்டுப் பாருங்கள்.