சரக்கு வண்டியின் குறிப்பறிதல்

ஒரு காலத்தில் நமது கிராமங்களின் விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டுசென்றது மாட்டு வண்டி. பாரம் மிகுந்தால் மாடு நுரை தள்ளும்; மேலும் வற்புறுத்தினால் நின்றுவிடும். வண்டிக்காரர் அதன் குறிப்பறிந்து நடந்துகொள்வார். இன்று அந்த வேலையைச் சிறு மோட்டார் சரக்கு வண்டிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வந்தது. மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தைகளில் அதிகாலையில் இத்தகைய வண்டிகள் வரிசையாக நிற்பதை நாம் காண்கிறோம்.

கடன் பெற்று வண்டி வாங்கிய குடும்பத்திற்கு அதுவே சோறு போடும் சாதனமாகும். ஆயினும், அதன் குணங்களை முழுவதும் அறிந்தவர் சிலரே. மாட்டைப் போலவே மோட்டார் வண்டியும் குறிப்புக் காட்டுகிறது. அவற்றுள் அதிகமாகக் கவனிக்கப்படாத சிலவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

ஏற்றத்தக்க பாரம் எவ்வளவு?

பதிவுச் சான்றில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வண்டியின் வெற்றெடை. மற்றொன்று சரக்குடன் கூடிய மொத்த எடை. முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் கிடைப்பது முழுவதும் சரக்குக்கே உரியது என்று அநேகர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சட்டப்படி வெற்றெடையில் ஓட்டுநரின் எடையும் உதவியாளரின் எடையும் சேராது. ஆகவே, அவற்றையும் கழித்தாக வேண்டும். பிறகு பொருத்திய கம்பிக் கூண்டு, தார்ப்பாய், காலிப் பெட்டிகள் ஆகியவற்றின் எடையும் கணக்கில் அடங்கும்.

உதாரணமாக, மொத்த எடை 2,500 கிலோ, வெற்றெடை 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,250 கிலோ. இருவர் எடை 140 கிலோ போக நிற்பது 1,110 கிலோ. பெட்டியோடு சேர்த்து ஒரு தக்காளிப் பெட்டி 27 கிலோ இருக்குமானால், 41 பெட்டிகளுக்கு மேல் ஏற்றலாகாது. இடம் இருக்கிறதே என்று 60 பெட்டி அடுக்குவது வண்டிக்கும் உயிருக்கும் கேடாகும். 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்திற்கு 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேலும் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் உண்டு. பல நாள் வாடகை ஒரே நாளில் போய்விடும்.

வெறும் வண்டி ஏன் துள்ளுகிறது?

புதிதாக வண்டி வாங்கியவர், “சரக்கு இல்லாதபோது வண்டி தூக்கிப் போடுகிறதே” என்று குறைப்படுவதுண்டு. இது பழுதன்று. பின்புறத்து வில்பட்டைகள் முழுப் பாரத்தையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. பாரம் இல்லாதபோது அவை வளைவதில்லை. ஆகையால் பள்ளம் மேடுகளின் அதிர்ச்சி நேரே உடலுக்கு வருகிறது. பாரம் ஏறியதும் பாடி தாழ்ந்து, வண்டி மெத்தென்று ஓடும்.

இவ்வாறு பாடி தாழ்வதில்தான் முக்கியமான ஒரு பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. வெறும் வண்டியில் பின் சக்கரங்கள் இலேசாகி, உடனே இறுகி வழுக்கும். வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் திரும்பிவிடும். இதைத் தடுக்கப் பல வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பியும், அதனோடு இணைந்த ஒரு வால்வும் அமைத்திருக்கின்றனர். பாடி உயர்ந்திருந்தால் இந்த வால்வு பின் பிரேக்கின் வேகத்தைக் குறைக்கும். பாடி தாழ்ந்தால் முழு வேகத்தையும் அனுமதிக்கும். அதாவது, பாடியின் உயரத்தைக் கொண்டே வண்டி தன் பாரத்தை அறிந்துகொள்கிறது. சில புதிய வண்டிகளில் இவ்வேலையை மின்னணுக் கருவி செய்கிறது.

இங்கேதான் நமது அன்பர்கள் பலர் அறியாமல் தவறு செய்கின்றனர். அதிக பாரம் ஏற்றுவதற்காகப் பட்டறையில் ஒன்றிரண்டு வில்பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகின்றனர். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பாடி போதிய அளவு தாழ்வதில்லை. வண்டி வெறுமையாக இருக்கிறது என்றே வால்வு எண்ணி, பின் பிரேக்கைக் குறைத்துக்கொடுக்கிறது. எந்த நேரத்தில் பிரேக் மிகுதியாக வேண்டுமோ, அந்த நேரத்தில் அது குறைந்துபோகிறது. வண்டியைப் பலப்படுத்தியதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் அறிவை மழுக்கிவிட்டோம். ஆகவே, பட்டைகளைக் கூட்டவே கூடாது. அந்தக் கம்பி வளைந்தோ, துருப்பிடித்தோ, சேறு அப்பியோ இருந்தால், வண்டிக் கம்பெனியின் பட்டறையில் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பாடியில் ஆட்களை நிறுத்திச் செல்வதும் ஆபத்தானது. மூட்டையைக் கயிற்றால் கட்டலாம். நிற்கும் மனிதரைக் கட்ட முடியாது. வளைவில் அனைவரும் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும்.

மலைப்பாதையில் இறங்கும்போது

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய பாதையில் பாரத்தோடு இறங்குவோர் பிரேக்கையே ஓயாது மிதித்தால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, அதே கியரில் இறங்குவதே முறை. டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விடுவோர் உண்டு. இன்றைய மின்னணு டீசல் என்ஜின் கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் எண்ணெய் செலுத்துவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாதிருக்க எண்ணெய் செலவாகிறது! எனவே, நியூட்ரலில் மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

விளக்கும் டயரும்

ஓட்டுநர் இருக்கையின் முன்னே 0, 1, 2, 3 என்று எண்கள் பொறித்த ஒரு சிறு திருகு பல வண்டிகளில் உண்டு. வண்டியை விற்கும்வரை அதைத் தொடாதவர்களும் உளர். பின்புறம் பாரம் ஏறினால் வண்டியின் முகம் உயரும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருவோர் கண்ணில் படும். திருகைப் பெரிய எண்ணுக்குத் திருப்பினால் ஒளி தாழும். சரக்கை இறக்கியபின் மீண்டும் 0-க்குத் திருப்ப வேண்டும். சைக்கிளில் வரும் எத்தனையோ பேருடைய உயிரை இச்சிறு திருகு காக்கும்.

டயரின் காற்றும் இவ்வாறே. பாரத்தோடு செல்லும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது கதவருகே ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 2423 என்றிருந்தால், அது 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய வண்டி வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

புகைக்கரியும் தண்ணீரும்

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் அமலுக்கு வந்தது. அதன்பின் வந்த பல டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை வண்டியே மிகுந்த சூட்டில் எரித்துக்கொள்ளும். ஆனால், வயலுக்கும் வீட்டுக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டியில் அந்தச் சூடு பிறப்பதில்லை. கரி நிறைந்ததும் ஒரு விளக்கு எரியும். அப்போது கையேட்டில் சொல்லியபடி, பெரிய சாலையில் சிறிது நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டினால் போதும். அலட்சியம் செய்தால் என்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், செலவும் பெருகும். கரி எரியும் வேளையில் புகைக்குழாய் மிகவும் சூடாக இருக்கும். ஆகவே, களத்துமேட்டில் வைக்கோலின் மீதோ காய்ந்த புல்லின் மீதோ வண்டியை நிறுத்தலாகாது.

டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகாணி உண்டு. டீசலில் கலந்த நீர் அங்கே தங்கும். அதற்குரிய விளக்கு எரிந்தால், உடனே நீரை வடித்துவிட வேண்டும். அந்த நீர் உள்ளே சென்றால் விலையுயர்ந்த இன்ஜெக்டர்கள் கெடும். பாடியின் அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னியையும் மாதம் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். சங்கிலி துருப்பிடித்து இறுகியிருப்பது பஞ்சரான இரவில் தெரியவந்து பயனில்லை.

முடிவாக, வலியறிதலைப் பற்றிக் கூறவந்த திருவள்ளுவர் வண்டியின் அச்சையே உதாரணமாகக் காட்டினார். அவர் காலத்து வண்டிக்கும் இக்காலத்து வண்டிக்கும் அந்த நீதி பொதுவானது. கையேட்டை ஒருமுறை வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கொண்டேனும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாளைக் காலையில் வண்டியை எடுக்குமுன், குனிந்து பின் அச்சின் அருகே அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி தன் பாரத்தைத் தானே அறிய இடம் கொடுத்தால், அது சரக்கையும் சந்தை சேர்க்கும். ஓட்டுபவரையும் வீடு சேர்க்கும்.