உங்களுக்குத் தெரியுமா? பூவும் இலையும் சந்திக்காத ஆர்க்கிட்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நெர்விலியா ஆர்க்கிட், பூத்திருக்கும்போது இலை விடாது!

• மழை தொடங்கியதும் மண்ணுக்கடியில் உள்ள கிழங்கிலிருந்து மொட்டையாகப் பூந்தண்டு மட்டும் எழும். பூ வாடிய பிறகே இலை. அதுவும் ஒன்றே ஒன்று!

• இலையை மட்டும் பார்த்தவர் தொட்டுப் பார்க்கலாம். மெல்லிய ரோமம் படர்ந்து, அடிப்பக்கம் ஊதா பாய்ந்திருந்தால் அநேகமாக நெர்விலியா பிளிக்காட்டா. ரோமமில்லாத பச்சை இலை என்றால் நெர்விலியா கன்கலராக இருக்கலாம்.

• பிளிக்காட்டாவின் தண்டில் வழக்கமாக இரண்டு பூக்கள். கன்கலரில் அதைவிட அதிகம். பச்சை கலந்த மஞ்சள் நிறம்.

பூவை மட்டும் பார்த்திருந்தால், இனத்தை உறுதிசெய்ய, அதே இடத்துக்குச் சில வாரங்கள் கழித்து இலையைப் பார்க்க மறுபடி போங்கள். கிழங்கைத் தோண்டாதீர்கள், படம் போதும்.